ரவைக்கூட்டின் அடியில் ஒரு விரலளவு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைச் சூரியன் படும் திசையில் இருப்பதனால் படுவான்கரை என்பர். போரதீவுப்பற்றிலுள்ள பழுகாமம் அக்கரையின் ஊர்களுள் ஒன்று. இங்கு துவக்கு என்ற சொல்லுக்கு நெடுங்காலமாக இரண்டு பொருள்களே வழங்கி வந்துள்ளன. ஒன்று, வேளாண்மையை அழிக்க வரும் யானையையும் பன்றியையும் வெருட்ட வைத்திருந்த வேட்டைத் துவக்கு. மற்றையது, இப்பிரதேசம் 2007ஆம் ஆண்டில் அரச படைகளின் வசமாகும் வரையும் அதற்குப் பின்னரும் மக்கள் கண்டு அஞ்சிய யுத்தத்தின் துவக்கு. அதனை விளையாட்டுக் கருவியாக எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டவில்லை எனலாம். ஆயினும் எமது மக்கள் புலம்பெயர்ந்து வாழும் சுவிற்சர்லாந்து, கனடா முதலான நாடுகளில் சுடுதற் கழகங்கள் ஊர்தோறும் உள்ளன. அங்கு வளரும் பிள்ளைகளுக்குக் கைத்துப்பாக்கிச் சுடுதல் என்பது கிரிக்கெட்டைப் போன்று இன்னுமொரு விளையாட்டே. அவ்விளையாட்டின் ஒரு சிறு பாகத்தைப் பற்றி இங்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. அச்சிறு பாகம் போட்டியின் முடிவையும் மாற்றும். ஒருவரைச் சட்டத்தின் முன் நிறுத்தவும் செய்யும்.

பழுகாமத்தில் திரௌபதை அம்மன் ஆலயம் இருப்பதனால் பாரதக் கதை இவ்வூராருக்குப் புதிதன்று. காண்டவ வனம் எரிந்த வேளையில் அருச்சுனனுக்குக் காண்டீபத்துடன் அம்பு குறையாத தூணிகள் இரண்டும் கிடைத்தன என்பது கதை. காண்டீபத்தைப் பேசுகின்ற அளவிற்கு அத்தூணிகளை எவரும் பேசுவதில்லை. அம்பெய்தலை ஊக்குவித்த நபிமொழிகளை அறிந்த எமது முஸ்லிம் வாசகர்களும் வில்லின் பயன் அம்பின் கையிருப்பில் தங்கியுள்ளது என்பதை ஒப்புக்கொள்வர். இன்றைய கைத்துப்பாக்கியின் தூணியே ரவைக்கூடு. இது குறையும் தூணி. ஆகவேதான் அதனை மாற்றும் வேகமும் அதன் அளவும் இவ்வளவு முக்கியத்துவம் பெறுகின்றன.

நடைமுறைச் சுடுதல் எனப்படும் இவ்விளையாட்டின் சர்வதேசக் கூட்டமைப்பு 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள கொலம்பியா நகரில் தொடங்கப்பட்டது. ஜெஃப் கூப்பர் அதன் முதலாவது தலைவராவார். ஒலிம்பிக் சுடுதலில் போட்டியாளர் ஓரிடத்தில் நின்று மூச்சடக்கிக் குறிபார்ப்பார். இங்கோ அவர் ஓடுகின்றார், திரும்புகின்றார், தடுப்புகளின் இடைவெளியால் குறிபார்க்கின்றார். பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுத்தே தரவரிசை நிர்ணயிக்கப்படுகின்றது. நூறு புள்ளிகளை இருபது விநாடிகளில் பெற்றவருக்கு 5.00, அதே நூறு புள்ளிகளைப் பெற இரண்டு விநாடி கூடுதலாகச் செலவிட்டவருக்கு 4.55 மாத்திரமே. அந்த இரண்டு விநாடிகள் எங்கே போயின என்று ஆராய்ந்தால், பெரும்பாலும் ரவைக்கூட்டை மாற்றிய இடத்திலேயே போயிருக்கும்.

ரவைக்கூடு என்பது உலோகத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன நீண்ட பெட்டி. உள்ளே ஒரு சுருள்வில். அதன் தலையில் ரவைகளை மேல்நோக்கித் தள்ளும் ஒரு மேடை. மேல்விளிம்பில் ரவையைப் பிடித்து வைத்திருக்கும் இரு இதழ்கள். அடியில் ஒரு மூடி. இந்த அடிமூடியையே பேஸ் பேட் என்பர். துப்பாக்கியின் கைப்பிடிக்குள் ரவைக்கூடு செல்லும் குழிக்கு மேக்வெல் என்று பெயர். அக்குழியின் வாய் குறுகியது. ஓடிக்கொண்டே ரவைக்கூட்டை அதற்குள் செலுத்துவது கடினமாகையால், கைப்பிடியின் அடியில் புனல் போன்று விரிந்த ஒரு வாயைப் பொருத்துகின்றனர். மண்ணெண்ணெயைப் போத்தலில் ஊற்றுவதற்குப் புனல் வைப்பதைப் போன்றதே இது. ரவைக்கூட்டின் முனை சற்று விலகிச் சென்றாலும் புனலின் சரிவு அதனை உள்ளே வழிநடத்திவிடும்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகின்றது. புனல் பொருத்தப்பட்டதும் கைப்பிடி கீழ்நோக்கி நீண்டுவிடுகின்றது. தொழிற்சாலையிலிருந்து வந்த ரவைக்கூடோ பழைய நீளத்திலேயே உள்ளது. அதனை உள்ளே செலுத்தும்போது அடிமூடி புனலின் விளிம்போடு சமமாகவோ அதற்கு உள்ளேயோ ஒளிந்துகொள்கின்றது. ரவைக்கூட்டைத் தட்டி ஏற்றவேண்டிய உள்ளங்கை, அது முழுமையாக ஏறுவதற்கு முன்னரே புனலின் விளிம்பில் மோதி நின்றுவிடும். சுடுபவர் ஏறிவிட்டதென்று நம்புவார். உள்ளே உள்ள கொளுக்கி ரவைக்கூட்டின் காடியைப் பற்றியிராது. அடுத்த ரவை ஏறாது. சில வேளைகளில் ரவைக்கூடே காலடியில் விழும். புனலுக்குச் செலவிட்ட பணம் இழப்பாக மாறும் இடம் இதுவே.

இதற்குரிய பரிகாரம் உயரமான பேஸ் பேட் ஆகும். புனலின் விளிம்பைத் தாண்டி அடிமூடி வெளியே துருத்திக்கொண்டிருக்க வேண்டும். உள்ளங்கை முதலில் தொடுவது அதுவாக இருக்க வேண்டும். எமது கணிப்பில் இதனை அறிவதற்கு அளவுகோல் தேவையில்லை. துப்பாக்கி வெறுமையாக உள்ளதென்பதை இரு தடவை உறுதிசெய்து, வெற்று ரவைக்கூட்டை ஏற்றி, அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாலே போதுமானது. விளிம்பு கையை முதலில் தொட்டால் அந்தப் பேட் குட்டையானது. பக்கவாட்டையும் பார்க்க வேண்டும். பேட் அகலமாயின் புனலின் சுவரில் சிக்கி, வெற்றுக்கூடு தானாகக் கீழே விழாமல் நின்றுவிடும்.

உயரம் கூடினால் நன்று என்று எண்ணி மிகப் பெரியதை வாங்கிவிடவும் கூடாது. பேஸ் பேட்டில் இரண்டு இனங்கள் உள்ளன என்பதைக் கடைக்காரர் பலர் விளக்கிச் சொல்வதில்லை. ஒன்று திண்மமானது, உயரத்தை மட்டும் தரும். மற்றையது உட்குடைவானது, உயரத்துடன் ரவைக்கூட்டின் கொள்ளளவையும் இரண்டு, மூன்று, அதற்கு மேலும் கூட்டித் தரும். புனலுக்காகப் பேட் தேடுபவருக்குத் தேவை முதலாவது இனமே. இரண்டாவதைத் தெரிவது வேறொரு முடிவு. அதற்கான விலையைச் சுருள்வில்லிலும் விதிநூலிலும் சட்டத்திலும் கொடுக்க நேரும்.

சுருள்வில்லை முதலில் நோக்குவோம். பதினேழு ரவைகளுக்கென அமைந்த வில், இருபது ரவைகளை ஏற்றும்போது நீண்ட தூரம் விரியவேண்டியிருக்கும். விரியும்தோறும் அதன் விசை குறையும். முதல் ரவைகள் சீராக ஏறும். இறுதி ரவைகளின்போது வில் தளர்ந்துபோக, பின்சென்று திரும்பும் மேற்பாகம் ரவை மேலே வருவதற்கு முன்னரே கடந்துவிடும். ஆகவே உட்குடைவான பேட்டை வாங்குபவர் அதற்குப் பொருத்தமான நீண்ட வில்லையும் சேர்த்தே வாங்குதல் வேண்டும். மறுபுறத்தில், பேட்டின் கொள்ளளவு முழுவதையும் நிரப்பினால் வில் அசைய இடமின்றி இறுகிவிடும். மேற்பாகம் மூடியிருக்கையில் அத்தகைய ரவைக்கூடு எளிதில் கொளுவாது. அநுபவசாலிகள் ஒரு ரவையைக் குறைத்தே நிரப்புவர். பெட்டியின் மேல் அச்சிடப்பட்டுள்ள எண்ணைக் காட்டிலும் இந்தப் பழக்கம் நம்பத்தக்கது.

அடுத்து விதிநூல். சர்வதேச விதிகளில் பிரிவுக்குப் பிரிவு அளவு வேறுபடுகின்றது. திறந்த பிரிவில் ரவைக்கூட்டின் நீளம் பேட்டுடன் சேர்த்து 170 மில்லிமீற்றரைத் தாண்டலாகாது. ஸ்டாண்டர்ட் பிரிவில் வெற்று ரவைக்கூடு பொருத்திய துப்பாக்கி, 225 மில்லிமீற்றர் நீளமும் 150 மில்லிமீற்றர் உயரமும் 45 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட பெட்டிக்குள் அடங்க வேண்டும். ஓர் அரை மில்லிமீற்றர் பேட் துருத்தினாலும் பெட்டி மூடாது. 45 என்ற அகலத்தைப் பலரும் மறந்துவிடுகின்றனர். அங்கே அகப்படுவது பெரும்பாலும் புனலே. அமெரிக்காவின் உள்நாட்டுப் போட்டிகளில் 140 மில்லிமீற்றர் எனப் பெயர்பெற்ற நீண்ட ரவைக்கூடுகள் லிமிடட் பிரிவில் சர்வசாதாரணம். அவற்றைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவர் சர்வதேசப் போட்டியின் பெட்டிக்கு முன் திகைத்து நிற்பார். புரொடக்ஷன் பிரிவிலோ விரிந்த புனலுக்கே இடமில்லை. தொடக்க ஒலியின்போது ஒரு ரவைக்கூட்டில் 15 ரவைகளுக்கு மேல் இருத்தலும் ஆகாது. ஆகவே எப்பிரிவில் நிற்பது என்பதைத் தீர்மானித்த பின்னரே கடைக்குச் செல்ல வேண்டும். விதிகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், பழைய நண்பரின் வாய்மொழியைவிட நடப்பிலுள்ள விதிநூலே ஆதாரம்.

மூலப்பொருளைப் பொறுத்தவரை அதிகம் சொல்வதற்கில்லை. பித்தளைப் பேட் பாரமானது. வெற்றுக்கூட்டை விரைந்து கீழே இழுக்கும். இடுப்புப்பட்டியையும் சேர்த்து இழுக்கும். அலுமினியம் நடுத்தரமானது. பிளாஸ்டிக் மலிவு, சீமெந்துத் தரையில் பலமுறை விழுந்தால் வெடிக்கும். இதனிலும் முக்கியமானது மணல். நிலத்தில் விழுந்த ரவைக்கூட்டுக்குள் மணல் புகுந்தால் மேடை இறுகிவிடும். அன்றாடம் கழற்றித் துடைப்பதற்கு எளிதான பேட்டா என்பதை வாங்குமுன் கழற்றிப் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் பேட் இன்னொரு நிறுவனத்தின் கூட்டில் ஏறுவது போலத் தோன்றும். ஆனால் பூட்டு முழுமையாக விழாமல், ஒரு தட்டில் வில்லோடு தெறித்துவிடலாம். ஒவ்வொரு கூட்டுக்கும் அடியில் இலக்கமிடுவது நன்று. தடங்கல் ஏற்படும்போது குற்றவாளி மூன்றாம் இலக்கமா ஐந்தாம் இலக்கமா என்பது தெரியவரும்.

ரவைக்கூட்டை மாற்றும் அந்தக் கணத்தில் விரல் விசைக்காப்புக்கு வெளியே தெரியும்படி இருக்க வேண்டும் என்பதும், துப்பாக்கியின் வாய் குறிமேடையின் திசையிலேயே நிற்க வேண்டும் என்பதும் மீறமுடியாத விதிகள். மீறியவர் அப்போதே போட்டியிலிருந்து நீக்கப்படுவார். எத்துணை விலையுயர்ந்த பேட்டும் அவரைக் காப்பாற்றாது.

இனிச் சட்டம். புலம்பெயர்ந்த எமது உறவுகளுக்கு இதுவே பாரிய விடயம். கனடாவில் கைத்துப்பாக்கி ரவைக்கூட்டின் சட்டபூர்வமான எல்லை 10 ரவைகள். எனவே அங்கு உட்குடைவான பேட்டைப் பொருத்தி அவ்வெல்லையைத் தாண்டினால், ஒரு சாதாரண விளையாட்டுப் பொருள் தடைசெய்யப்பட்ட சாதனமாக மாறிவிடும். திண்மமான பேட்டுக்கு அந்த ஆபத்து இல்லை. 2022 ஒக்டோபர் 21ஆம் திகதி முதல் தனியாரிடையே கைத்துப்பாக்கிகளை விற்பதும் வாங்குவதும் கைமாற்றுவதும் அங்கு முடக்கப்பட்டன. 2023 டிசம்பரில் அது சட்டமாகவும் ஆக்கப்பட்டது. ஒலிம்பிக் வகைச் சுடுதலுக்கு அளிக்கப்பட்ட விலக்கு நடைமுறைச் சுடுதலுக்குக் கிட்டவில்லை. சுவிற்சர்லாந்தில் 2019 மே மாதம் நடைபெற்ற மக்கள் வாக்கெடுப்பின் பின்னர், 20 ரவைகளுக்கு மேற்பட்ட கூட்டுடன் கூடிய அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கு விசேட அனுமதி தேவைப்படுகின்றது. பத்தொன்பதை இருபத்தொன்றாக்கும் ஒரு பேட்டின் பெறுமதியை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். பிரித்தானியாவில் டன்பிளேன் பாடசாலைப் படுகொலையின் எதிரொலியாக 1997ஆம் ஆண்டிலேயே கைத்துப்பாக்கிகள் ஏறத்தாழ முற்றாகத் தடைசெய்யப்பட்டுவிட்டன. அங்குள்ளோருக்கு இக்கட்டுரை ஏட்டுச் சுரைக்காயே.

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் அதற்கான 1996ஆம் ஆண்டின் திருத்தமும் இவ்விடயத்தை ஆள்கின்றன. அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். 2024 நவம்பரில், தற்பாதுகாப்பிற்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளைக்கூட மீளாய்வுக்காகக் கையளிக்குமாறு பாதுகாப்பு அமைச்சு உத்தரவிட்டது இங்கு நினைவுகூரத்தக்கது. விடுமுறையில் ஊருக்கு வருகின்ற இளைஞர் ஒருவர், துப்பாக்கியைத்தான் கொண்டுவரவில்லையே, வெற்று ரவைக்கூடும் பேட்டும்தானே என்று பயணப்பையில் போட்டுவிடக் கூடும். உலகச் சுங்க வகைப்பாட்டின் 93ஆம் அத்தியாயம் ஆயுதங்களையும் அவற்றின் பாகங்களையும் துணைக்கருவிகளையும் ஒரே இடத்தில்தான் வைத்துள்ளது. கட்டுநாயக்கவில் பையைத் திறக்கும் உத்தியோகத்தரின் கண்ணுக்கு அது ஆயுதப் பாகம். யுத்தம் நடந்த மாவட்டமொன்றின் முகவரி கடவுச்சீட்டுக்காரரின் உறவினருடையதாக இருந்துவிட்டால், விளக்கம் கூறவேண்டியவர் அவர் ஒருவராக மட்டும் இருக்கமாட்டார். படுவான்கரையில் அவரை எதிர்பார்த்திருக்கும் பெற்றாரும் அதில் சிக்குவர். பயணப்பையைக் கட்டுமுன் அதன் அடியறைகளையும் ஒருமுறை கவிழ்த்துப் பார்ப்பது நன்று. கழகத்துக்குக் கொண்டுசென்ற அதே பையாயின் இருமுறை.