வானின் ரயரும் சுமையின் அளவும்

மயிலிறகு மிக மெல்லியது. அதனையும் அளவுமீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்று திருவள்ளுவர் ‘வலியறிதல்’ அதிகாரத்திலே கூறிவைத்தார். அச்சுக்கு அவர் கூறிய நீதி இக்காலத்து ரயருக்கும் பொருந்தும். எம் பழைய மாணவருட் சிலர் சொந்தமாக வான் வைத்திருக்கின்றனர்; ஏனையோர் கதிர்காம யாத்திரைக்கும் கலியாணத்துக்கும் மாணவர் சுற்றுலாவுக்கும் அதனை வாடகைக்கு அமர்த்துகின்றனர். அவற்றுட் பல, யப்பானில் ஓடிய பின் இங்கு வந்து ஆண்டுகள் பல கண்டவை. ஆகவே இவ்விடயத்தை அறிந்துவைத்தல் யாவர்க்கும் நன்று.

நண்பர் ஒருவர் தமது பழைய வானின் பின் சில்லுகளுக்கு ரயர் வாங்கச் சென்றபோது யானும் உடன் சென்றேன். கடைக்காரர் காருக்குரிய ரயர் இரண்டை எடுத்து வைத்து, “றிம் பதினைந்து அங்குலந்தானே ஐயா, அகலமும் ஒன்றுதான், விலையோ குறைவு” என்றார். நண்பர் பணத்தை எண்ணத் தொடங்கிவிட்டார். ரயரின் பக்கத்திலுள்ள இலக்கங்களை ஒருமுறை வாசித்துப் பார்ப்போம் என்று யான் தடுத்தேன்.

வானிலிருந்து கழற்றிய ரயரில் ‘195/70 ஆர் 15 சி 104/102’ என்றும், கடைக்காரர் நீட்டியதில் ‘195/65 ஆர் 15 91’ என்றும் பொறிக்கப்பட்டிருந்தன. 195 என்பது மில்லிமீற்றரில் அகலம். 70, 65 என்பன பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை வீதம் என்பதைக் குறிப்பன. ‘ஆர்’ றேடியல் வகையையும், 15 றிம்மின் விட்டத்தையும், ‘சி’ வர்த்தக வாகனத்துக்குரியது என்பதையும் காட்டும். இறுதியில் நிற்பதே சுமைச் சுட்டெண். அது கிலோகிராம் அன்று. ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய நிறை அட்டவணையில் வகுக்கப்பட்டுள்ளது. 91 எனின் ஒரு ரயர் 615 கிலோகிராம் தாங்கும். 104 எனின் 900 தாங்கும். 102 என்பது, ஒரு பக்கத்தில் இரட்டைச் சில்லுப் பூட்டுமிடத்து ஒவ்வொன்றுக்கும் உரிய 850 கிலோகிராம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு வானின் பின் அச்சு ஏற்கத்தக்க உச்ச நிறை 1,600 கிலோகிராம் என்று கொள்வோம். பின் ரயர் ஒவ்வொன்றும் 800 தாங்கவேண்டும். அதற்குச் சுட்டெண் 100 ஆவது தேவை. 91 உடைய ரயர் இரண்டும் கூடி 1,230 மாத்திரமே தாங்கும். 370 கிலோகிராம் குறைவு. வெறும் வானாக ஓடும்வரை இக்குறை தோன்றாது. அறுபது கிலோகிராம் நிறையுடையோர் பதினால்வர் ஏறினால் 840 கிலோகிராம் கூடிவிடும். அதிற் பெரும்பங்கு பின் அச்சின்மேலேயே இறங்கும்.

ரயர் மாத்திரம் சுமையைத் தாங்குவதில்லை. அதனுள் அடைபட்ட காற்றே பெரிதும் தாங்குகின்றது. மேற்கூறிய 104 சுட்டெண் ரயர் தன் முழுச் சுமையையும் தாங்கச் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 65 இறாத்தல் அமுக்கம் வேண்டும். கார் ரயரோ 36 இறாத்தல் அளவில் கணிக்கப்பட்டது. மேலும் காற்றடித்து அதனை வான் ரயராக்க இயலாது. காற்றுக் குறைந்தாலும் சுமை மிகுந்தாலும் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்குமேல் வளையும், வளைவு வெப்பமாகும், வெப்பத்தால் உள்ளடுக்குகள் பிரியும். நண்பகலில் கண்டி வீதியில் நெடுந்தூரம் விரையும்போது ரயர் வெடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே செய்யவேண்டியவை சில. முதலில், சாரதியின் கதவோரத்தில் ஒட்டியுள்ள தாளைப் பாருங்கள். யப்பானிய எழுத்தில் இருப்பினும், ரயரின் அளவையும் காற்றமுக்கத்தையும் கூறும் இலக்கங்களை எவரும் வாசிக்கலாம். தாள் அழிந்திருப்பின் கைந்நூலைத் தேடுங்கள். முன்பு பூட்டியிருந்த ரயரை மாத்திரம் நம்பற்க, அதுவே பிழையாயிருக்கலாம். வானுக்கு விதித்த சுட்டெண்ணிலும் குறைந்ததை ஒருபோதும் வாங்காதீர்கள். காற்றை ரயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்திடுங்கள்.

வயதையும் நோக்குங்கள். பக்கத்தில் ‘2319’ என்றிருப்பின் அது 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் உற்பத்தியானது. பூ தேயாதிருப்பினும், பத்தாண்டு கடந்த ரயரை நீக்கிவிடுமாறு உற்பத்தியாளர் பலர் கூறுகின்றனர். இவ்விதி மேலதிகச் சில்லுக்கும் உண்டு.

நண்பர் அன்று கூடிய விலை கொடுத்து வானுக்குரிய ரயரையே வாங்கினார். கடைக்காரர் சொன்ன அகலமும் றிம்மும் உண்மையே. சொல்லாது விட்டது சுமை. அடுத்தமுறை மாணவரை ஏற்றிச்செல்ல ஒரு வான் கல்லூரி வாயிலில் வந்து நிற்கும்போது, ஆசிரியரோ மாணவரோ ஒருவர் குனிந்து அந்த இலக்கத்தை வாசிப்பாராயின் இக்கட்டுரை பயன்பெற்றதாகும்.