குற்றாலக் குறத்தி அடையாறு சென்ற கதை

சங்கரன்கோவில் ஜனங்களுக்கு நாடகம் என்றால் என்னவென்று யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் கோமதியம்மன் தபசுக் கோலம் பூண்டு எழுந்தருளுகிறாள். ஹரியும் ஹரனும் ஒன்றே என்று தனக்குக் காட்டியருள வேண்டும் என்பது அவள் பிரார்த்தனை. பக்தர்கள் பருத்தியையும் வற்றலையும் சூறையிட, அந்தி வேளையில் சங்கரநாராயணர் பாதி உடம்பில் புலித்தோலும் பாதி உடம்பில் பீதாம்பரமுமாகக் காட்சி தருகிறார். கதாநாயகி உண்டு, ஏக்கம் உண்டு, காத்திருத்தல் உண்டு, எல்லோரும் எதிர்பார்த்த முடிவும் உண்டு. இதைவிட நல்ல நாட்டிய நாடகத்தை எந்தக் கவிராயர் எழுதிவிடப் போகிறார்!

இந்த ஊரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது குற்றாலம். அதை அடுத்த மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் அதற்குப் பரிசாக நிலம் வழங்கினார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் உண்டாயிற்று. அப்படிப்பட்ட நம் சீமைப் பாட்டு 1944-ம் வருஷத்தில் சென்னை அடையாற்றில் அரங்கேறியது. அதை அரங்கேற்றியவர் அதற்கு முன் ஒரு முழு நாட்டிய நாடகத்தையும் அமைத்ததில்லை. நாட்டியத்தையே முப்பது வயதை நெருங்கியபோதுதான் கற்கத் தொடங்கியவர் அவர். அவர்தான் ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல்.

ருக்மிணி தேவி 1904-ம் வருஷம் பிப்ரவரி 29-ந் தேதி மதுரையில் பிறந்தார். தகப்பனார் நீலகண்ட சாஸ்திரிகள் மராமத்து இலாகாவில் எஞ்சினீயர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். உத்தியோகத்திலிருந்து விலகியபின் அடையாற்றில் குடியேறினார். பெண் பதினாறாவது வயதில், 1920-ல், ஜார்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கிலேயரை மணந்துகொண்டாள். மயிலாப்பூர் வட்டாரம் அப்போது எப்படிக் கொந்தளித்திருக்கும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அதை நாம் விஸ்தரிக்கப் போவதில்லை.

அடையாற்று நாடக மேடையோடு அவருக்கு இளமையிலேயே பழக்கம் உண்டு. ஆனால் ஆட்டத்தின் மேல் ஆசையை மூட்டிவிட்டவர் ருஷ்ய நர்த்தகி அன்னா பாவ்லோவா. அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் ருக்மிணி தேவி மேனாட்டு பாலே நடனம் பயின்றார். விரல் நுனியில் நின்று சுழலும் அந்த வித்தையைக் கற்கும்போதே, உங்கள் தேசத்துக் கலையை நீங்கள் தேடிப்போக வேண்டாமா என்று பாவ்லோவா கேட்டாராம். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் வீணையை நினைவூட்டுவதற்கு ருஷ்யாவிலிருந்து ஓர் அம்மாள் வரவேண்டியிருந்தது!

தேடிப்போன இடத்தில் வழி காட்டியவர் நம் தாமிரவருணிக் கரைக்காரர். கல்லிடைக்குறிச்சியில் 1897-ல் பிறந்த ஈ. கிருஷ்ணையர் சென்னையில் வக்கீல், காங்கிரஸ்காரர். அவர் முதலில் நாடகத்தில் பெண் வேஷம் போட்டார். பிறகு மெலட்டூர் நடேச ஐயரிடம் அபிநயம் கற்று, பெண் உடையிலேயே சதிர் ஆடிக் காட்டி, இந்தக் கலையில் கேவலம் ஒன்றுமில்லை என்று ஊர் ஊராக வாதாடினார். கோர்ட்டில் வாதாடியதைவிட இந்த வழக்கில்தான் அவர் அதிகம் வாதாடியிருப்பார் என்று தோன்றுகிறது. சதிர் என்றாலே முகம் சுளித்த காலம் அது. சென்னை சங்கீத வித்வத் சபையில் 1931-ல் ஒரு தடவையும், 1933-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி மறுபடியும், கல்யாணியின் புதல்விகளான ராஜலக்ஷ்மி, ஜீவரத்தினம் இருவரின் சதிர்க் கச்சேரி நடந்தது. அந்த 1933-ம் வருஷக் கச்சேரிதான் ருக்மிணி தேவியின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது.

மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் அபிநயமும், அந்தச் சகோதரிகளின் ஆசானான பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நிருத்தமும் கற்றார். கௌரி அம்மாள் மயிலைக் கபாலீசுவரர் ஆலயத்தில் ஆடிய பரம்பரை. மீனாட்சிசுந்தரம் பிள்ளை தஞ்சை நால்வர் வழி வந்த நட்டுவனார். வித்தை வந்த வழியை மறக்கலாகாது என்பதற்காகவே இந்த இரண்டு பெயரையும் அழுத்திச் சொல்கிறோம்.

காஞ்சீபுரத்தில் 1925-ல் பாலசரஸ்வதி அரங்கேறியபோது வயது ஏழு. ருக்மிணி தேவி 1935 டிசம்பரில், பிரம்மஞான சபையின் அறுபதாவது ஆண்டு விழாவின்போது, முதன்முதலாகச் சபையோர் முன் ஆடியபோது வயது முப்பத்தொன்று. மேடைக்கு வந்த அடுத்த மாதமே, 1936 ஜனவரியில், ஒரு கலைப் பள்ளியையும் தொடங்கிவிட்டார். அதற்குக் கலாக்ஷேத்திரம் என்ற பெயர் பிறகு வந்தது. தாமே மாணவியாக இருந்துகொண்டு பிறருக்குப் பள்ளி நடத்துவது துணிச்சலா, அவசரமா என்று கேட்டால், இரண்டும்தான் என்போம். ஆனால் அந்த அவசரத்தில் ஒரு விவேகம் இருந்தது. தமக்குத் தெரியாததைத் தெரிந்தவர்களை அழைத்துவந்து உட்கார வைத்தார். டைகர் வரதாச்சாரியார் வந்தார்; வீணை கிருஷ்ணமாச்சாரியார் வந்தார்; மலையாளத்திலிருந்து கதகளி ஆசான்கள் அம்பு பணிக்கரும் சந்து பணிக்கரும் வந்தனர். குழந்தைக் கல்வியில் உலகப் புகழ் பெற்ற மரியா மாண்டிசோரி அம்மையாரும் அருண்டேல் தம்பதிகள் அழைத்ததன்பேரில் 1939-ல் அடையாறு வந்து சேர்ந்தார்.

இனிக் குறவஞ்சிக்கு வருவோம். தனி ஒருத்தி ஆடும் கச்சேரியில் அலாரிப்பு, ஜதிஸ்வரம், வர்ணம், பதம், தில்லானா என்று வரிசை உண்டு. நாயகி, தோழி, நாயகன் எல்லோரும் அந்த ஒருத்தியே. முகத்தைச் சற்றே திருப்பினால் தோழி பேசுகிறாள் என்று ரஸிகர்கள் புரிந்துகொள்வார்கள். நாட்டிய நாடகத்தில் இது செல்லாது. திரிகூடநாதர் பவனி வருகிறார். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி அவரைக் கண்டு மையல் கொள்கிறாள். தோழியைத் தூது விடுகிறாள். குறத்தி வந்து தன் மலை வளத்தைச் சொல்லிக் கை பார்த்துக் குறி சொல்கிறாள். பிறகு குறவன் சிங்கன் பறவைக்குக் கண்ணி வைத்தபடியே காணாமற்போன சிங்கியைத் தேடி வருகிறான். அவளைக் கண்டதும், உடம்பெல்லாம் இத்தனை நகை ஏது என்று கேட்கிறான். இவர்கள் ஒவ்வொருவருக்கும் தனி நடை வேண்டும். வசந்தவல்லி பந்தாடும் துரிதமும் குறத்தி மலையிறங்கி வரும் மிடுக்கும் ஒன்றாக இருந்தால் காரியம் கெட்டது. ஒருத்தி பாட்டுக்கு அபிநயிக்கும்போது மேடையில் நிற்கும் மற்ற நால்வர் என்ன செய்வது? கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? ஆடுகிறவர் நாட்டியம் அமைப்பவராக மாறும்போது எதிர்ப்படும் முதல் கஷ்டம் இதுதான். தன் உடம்பை மறந்து பிறர் உடம்பைக் கொண்டு சிந்திக்க வேண்டும்.

இந்தக் கஷ்டத்துக்கு ருக்மிணி தேவி நாடிய துணை, கோயில் குறவஞ்சி மரபை அறிந்திருந்த காரைக்கால் சாரதாம்பாள். முற்காலத்தில் தஞ்சைப் பெரிய கோயிலிலும் வேறு பல ஆலயங்களிலும் தேவதாசியர் குறவஞ்சி ஆடிவந்தனர். அந்தப் பழைய நினைவு அம்மூதாட்டியிடம் எஞ்சியிருந்தது. பாட்டுக்கு மெட்டமைத்தவர் வீணை கிருஷ்ணமாச்சாரியார். மேடை விளக்கு அமைப்புக்கு அலெக்ஸ் எல்மோர், கான்ராட் வோல்ட்ரிங் முதலிய மேனாட்டு நண்பர்கள் உதவினார்கள். சாரதாம்பாளின் நினைவும் மின்சார விளக்கும் ஒரே மேடையில் சேர்ந்தன. அதே காலத்தில் குற்றாலத்தில் இருந்துகொண்டு ரஸிகமணி டி. கே. சி. இந்தக் குறவஞ்சியின் சுவையை வந்தவர் போனவர்க்கெல்லாம் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதும் நமக்குப் பெருமை தரும் சங்கதியே.

அதன்பின் வெள்ளம் மடை திறந்ததுபோல் ஆயிற்று. 1947-ல் குமார சம்பவம். 1959-ல் கீத கோவிந்தம். 1961-ல் ஆண்டாள் சரித்திரம். எல்லாவற்றுக்கும் மேலாக ராமாயணம்: 1955-ல் சீதா சுயம்வரம் தொடங்கி, 1970-ல் மகா பட்டாபிஷேகம் முடிய ஆறு நாடகங்கள். அவற்றில் பெரும்பகுதிக்கு இசையமைத்தவர் மைசூர் வாசுதேவாச்சாரியார். தொடங்கியபோது அவருக்கு வயது தொண்ணூறு! அவர் 1961-ல் காலமான பின் பேரர் எஸ். ராஜாராம் மீதியை முடித்தார். பதினைந்து வருஷம் ஒரே காவியத்தோடு உட்கார்ந்திருக்கும் பொறுமை ஆடுகிறவர்களுக்குச் சாதாரணமாக வாய்ப்பதில்லை, ஆசிரியர்களுக்குத்தான் வாய்க்கும்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். நட்டுவாங்கம் பரம்பரை ஆண்களின் கையில் இருந்தது. மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குப் பின் கலாக்ஷேத்திரத்தில் கற்பித்த சொக்கலிங்கம் பிள்ளையும் விலகிச் சென்றபோது, ருக்மிணி தேவி தம் மாணவிகளையே தட்டுக்கழி பிடிக்கப் பழக்கினார். பெண்கள் நட்டுவாங்கம் செய்யலாம் என்பது அதனால் நிலைபெற்றது. அது பெரிய விடுதலை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே காலத்தில் அந்த வித்தையைப் பல தலைமுறைகளாகக் காத்துவந்த குடும்பங்களின் கையிலிருந்து அது நழுவிக்கொண்டும் இருந்தது. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் 1947-ல் சென்னை மாகாணத்தில் வந்தது. அந்தச் சட்டம் வேண்டியதே. முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையார் அதற்காக உழைத்ததை யார் குறை சொல்ல முடியும்? எனினும், வழக்கம் ஒழிந்தபோது வித்தை மட்டும் நல்ல வீடுகளுக்குக் குடிபோயிற்று. கற்பித்த பாட்டிமார்களில் பலர் அந்த வீடுகளின் வாசலோடு நின்றுவிட்டார்கள்.

பாலசரஸ்வதி அம்மாளுக்கு வேறொரு மனத்தாங்கல். பதங்களில் ததும்பும் சிருங்காரத்தை ருக்மிணி தேவி தணித்துப் பக்தியை மேலே நிறுத்தினார். சிருங்காரத்தை விட்டுப் பரதம் உண்டா என்பது பாலாவின் கேள்வி. 1975-ல் தமிழிசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையிலும் சிருங்காரத்தின் மேன்மையை அவர் நிலைநாட்டினார். நம் அபிப்பிராயம் கேட்டால், இந்த வழக்கில் பாலாவின் பக்கமே சாய்வோம். வசந்தவல்லியின் விரகத்தை நீக்கிவிட்டால் குறவஞ்சியில் குறத்திக்கு என்ன வேலை? ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தில், பன்னிரண்டு வயதுப் பெண்கள் வரிசையாக நின்று பயிலும் இடத்தில், ருக்மிணி தேவியின் ஜாக்கிரதைக்கும் காரணம் இல்லாமல் இல்லை.

பட்டங்களையும் பதவிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1952-ல் ராஜ்ய சபை அங்கத்தினராக நியமனம், 1956-ல் பத்மபூஷண், அவர் முயற்சியின் பயனாக 1960-ல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம். 1977-ல் மொரார்ஜி தேசாய் அவரைக் குடியரசுத் தலைவராக்க விரும்பியபோது மறுத்துவிட்டார். திருவான்மியூரில் நூறு ஏக்கர் பரப்பில் மரங்களை வளர்த்து, கலாக்ஷேத்திரத்தை அங்கே 1962-ல் கொண்டுபோன அவர், அந்தப் பள்ளியை விட்டு டில்லி மாளிகைக்குப் போக விரும்பாததில் ஆச்சரியம் என்ன? 1986-ம் வருஷம் பிப்ரவரி 24-ந் தேதி அவர் காலமானார். பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் 1993-ல் அப்பள்ளி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனம் ஆயிற்று.

இன்று தென்காசி ஜில்லாவில், தறிச் சத்தம் ஓயாத சங்கரன்கோவில் போன்ற ஊர்களிலும், பெற்றோர் பெண் குழந்தைகளைப் பரதம் கற்க அனுப்பத் தயங்குவதில்லை. ஆண்டு விழா வந்தால் சினிமாப் பாட்டுக்கு ஆடவைப்பது சுலபம், நேரமும் மிச்சம். அவ்வூர் ஆசிரியைமார்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை பஸ்ஸில் ஏற்றிக் குற்றாலம் அழைத்துப் போங்கள். மலையைப் பார்க்கட்டும், மரத்துக்கு மரம் தாவும் குரங்கையும் பார்க்கட்டும், அருவியில் நனையட்டும். தலை துவட்டிக்கொண்டு வந்ததும், குறத்தி எப்படி மலையிறங்கி வந்திருப்பாள் என்று ஒவ்வொரு குழந்தையையும் நடந்து காட்டச் சொல்லுங்கள்.