பழைய படகும் அதன் இயந்திரமும்

பழம்பொருள் வாங்குவோர் எப்பொழுதும் இரு விலை கொடுக்கின்றனர். முதல் விலை விற்பவரிடம் ஒரே நாளிற் கொடுக்கப்படுவது. இரண்டாவது விலை பழுதுபார்ப்பவரிடம் சிறிது சிறிதாகக் கொடுக்கப்படுவது. முதல் விலை குறைவென்று மகிழ்ந்து, இரண்டாவதை எண்ணிப் பாராமையால் இடருற்றோர் பலர். இவ்வுண்மை வீட்டுக்கும் வண்டிக்கும் பொருந்துமாயினும் படகுக்கு மிகமிகப் பொருந்தும். தெருவிலே பழுதுற்ற வண்டி நின்றுவிடும்; நீரிலே பழுதுற்ற படகோ மூழ்கியும் விடும்.

ஐக்கிய அமெரிக்காவில், ஏரிகள் நிறைந்த மிச்சிக்கன், மினசோட்டா மாநிலங்களிலும், கடல் சூழ்ந்த புளோரிடாவிலும், நடுத்தரக் குடும்பத்தார் பலர் சொந்தப் படகு வைத்திருக்கின்றனர். புதிய படகின் விலை கைக்கு எட்டாதபோது பழையதை நாடுகின்றனர். அவ்வாறு விலைக்கு வருவனவற்றுட் பல, 'ஸ்ரேர்ண் டிறைவ்' எனப்படும் வகையைச் சார்ந்தவை.

அஃது யாது? இலங்கைக் கரையோர மீனவர் நன்கறிந்தது வெளியிணைப்பு இயந்திரம். அது படகின் பின்புறத்தே தொங்குவது. பெரிய வள்ளங்களில் உள்ளிணைப்பு இயந்திரம் உண்டு. அதன் தண்டு படகின் அடிப்பாகத்தை ஊடுருவி வெளிச்செல்லும். இவ்விரண்டின் நடுவே நிற்பது ஸ்ரேர்ண் டிறைவ். இயந்திரம் படகினுள்ளே பின்சுவரை ஒட்டி இருக்கும். விசிறியைத் தாங்கிய கால் போன்ற உறுப்பு பின்சுவருக்கு வெளியே இருக்கும். அக்கால் இடமும் வலமும் திரும்பிப் படகைச் செலுத்தும்; ஆழமற்ற இடத்தில் மேலேயும் தூக்கப்படும். ஜிம் வின் என்னும் அமெரிக்கப் பொறியியலாளரின் கருத்தைத் தழுவி, சுவீடன் நாட்டு வொல்வோ பென்ரா நிறுவனம் 1959ஆம் ஆண்டில் இதனை 'அக்குவாமற்றிக்' என்னும் பெயரில் வெளியிட்டது. 1961இல் அமெரிக்காவின் மேர்க்குறூசர் தோன்றியது.

இவ்வமைப்பின் சிறப்பும் குறையும் ஓரிடத்திலேயே உள்ளன. உள்ளிருக்கும் ஆற்றல் வெளியே செல்லவேண்டுமாயின் பின்சுவரிலே துளை வேண்டும். அத்துளை நீர்மட்டத்துக்குக் கீழே அமைவது. நீர் உட்புகாது காப்பது, துருத்தி போல மடிப்புடைய ஒரு றப்பர் உறையேயாம். அவ்வுறை வெடித்தால் நீர் முதலில் உள்ளே சுழலும் உருளைத்தாங்கியைக் கெடுக்கும். கவனியாது விட்டால் கட்டி வைத்த படகையே இரவோடிரவாக மூழ்கடிக்கும். ஆகவே பழைய படகு வாங்குவோர், உறை எப்பொழுது மாற்றப்பட்டதென வினவுதல் வேண்டும். விடை தெளிவாக இல்லையெனின் அதனை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்தெண்ணுதலே அறிவுடைமை.

சோதனையை இயந்திரத்திலிருந்து தொடங்குதல் பலரது வழக்கம். உடலிலிருந்து தொடங்குதலே முறை. கண்ணாடியிழைப் படகுகள் பலவற்றின் பின்சுவரினுள்ளேயும் அடித்தள நெடுங்கட்டைகளினுள்ளேயும் மரம் மறைந்திருக்கின்றது. ஆணித்துளைகளின் வழியே கசியும் நீர் அம்மரத்தை ஆண்டுக்கணக்கில் உளுக்கச் செய்யும். வெளியே வண்ணம் பளபளக்கும். சிறு மரச்சுத்தியலால் எங்கும் மெல்லத் தட்டிப் பார்த்தால், உறுதியான இடம் கணீரென ஒலிக்கும். உளுத்த இடம் மந்தமாக ஒலிக்கும். வெளிக்காலைப் பிடித்து அசைக்கும்போது பின்சுவரும் உடன் அசையுமாயின், அப்படகை விட்டு விலகுதலே நன்று. அதனைச் சீர்செய்யும் கூலி படகின் விலையையே விஞ்சக்கூடும்.

அடுத்தது இயந்திரம். இவற்றுட் பல, ஜெனறல் மோட்டோர்ஸ் வார்ப்புகளைக் கடற்பயனுக்கு ஏற்பத் திருத்தியவை, 3.0, 4.3, 5.7 லீற்றர் அளவின பெருவழக்கானவை. ஆதலால் இவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் பலர். சோதிக்கும்போது இயந்திரம் குளிர்ந்திருத்தல் வேண்டும். வாங்குபவர் வருமுன்னரே அதனைச் சூடாக்கி வைத்திருப்பின் ஐயுறுதல் தகும். எண்ணெய் அளக்கும் கோலில் எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்திருப்பின், உள்ளே நீர் புகுந்துள்ளது என்பது பொருள். ஒவ்வோர் உருளையின் அமுக்கத்தையும் அளந்து பார்க்கவேண்டும். ஒன்று மற்றையவற்றினும் பெரிதும் குறைந்திருப்பின் அவ்விடத்தே பிணி உண்டு.

இவ்விடத்துப் படகின் ஊர் எதுவெனக் கேட்பதும் அவசியம். கடலில் ஓடிய படகில், புகைபோக்கிக் குழாய்த் தொகுதியை உப்புநீர் உள்ளிருந்தே அரிக்கும். அரித்த வழியே நீர் இயந்திரத்துள் இறங்கும். ஏரியில் ஓடிய படகுக்கு அவ்வச்சம் குறைவு. ஆயினும் வடமாநிலங்களிற் கடுங்குளிர் உண்டு. குளிர்காலத்துக்கு முன் இயந்திரத்திலுள்ள நீரை வடிக்காது விட்டால், அது உறைந்து விரிந்து வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். தெற்கே உப்பு, வடக்கே உறைபனி. இரண்டையும் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது வெளிக்கால். அதன் பற்சில்லு எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்த்தால், வெண்மை நீரையும் இரும்புத் துகள் தேய்வையும் காட்டிக் கொடுக்கும். உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதும் இங்கே எழும் வினா. அவுட்போர்ட் மறைன் கோப்பறேசன் என்னும் பெருநிறுவனம் 2000 டிசம்பரில் வங்குரோத்தடைந்தது. அந்நிறுவனத்தின் பழைய ஸ்ரேர்ண் டிறைவ் உறுப்புகளுக்குப் பாகம் தேடுவோர் அலைய நேரிடுகின்றது. மலிவாகக் கிடைக்கும் படகு அக்காரணத்தாலேயே மலிவாயிருத்தல் கூடும்.

பணம் குறைந்தோரை ஈர்க்கும் ஆபத்து ஒன்றுண்டு. இயந்திரம் கார் இயந்திரத்தின் இனத்தது என்பதால், கெட்டுப்போன ஸ்ராட்டர் மோட்டாருக்குப் பதிலாகக் கார்க்கடையில் மலிவானதை வாங்கிப் பூட்டுவோர் உளர். பெற்றோல் ஆவி காற்றினும் பாரமானது. படகின் அடியிலே தங்கி நிற்கும். படகுக்கென ஆக்கப்பட்ட மின்னுறுப்புகள் அவ்வாவியைத் தம் பொறியால் மூட்டாவண்ணம் காக்கப்பட்டவை; காருக்கென ஆக்கப்பட்டவை அவ்வாறல்ல. ஒரு பொறி போதும், படகு வெடித்துச் சிதற. ஆகவே இத்தகைய உறுப்பு பூட்டப்பட்டிருக்கின்றதா என ஆராய்வதோடு, ஒவ்வொரு முறையும் இயந்திரத்தை இயக்குமுன் நான்கு நிமிடமேனும் காற்றூதியை ஓடவிட்டு ஆவியை வெளியேற்றுதலும் வேண்டும்.

இறுதியாக, படகை நீரில் இறக்கி ஓட்டிப் பாராது பணம் கொடுத்தலாகாது. முழுவேகத்திலே இயந்திரம் அதற்கு விதிக்கப்பட்ட சுழற்சியை எட்டுகின்றதா, வெப்பமானியின் முள் நிலைத்து நிற்கின்றதா, திருப்பும்போது உறுமல் எழுகின்றதா என்பவற்றை அப்போதே அறியலாம். தேர்ந்த படகு மதிப்பீட்டாளருக்குக் கொடுக்கும் கூலி வீண்செலவன்று.

கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுப்பவர் முதற் பழுதிலேயே படகைக் கரையில் ஏற்றிவிடுவர். ஐந்தில் ஒரு பங்கையேனும் பழுதுக்கென ஒதுக்கி, எஞ்சியதற்குள் அடங்கும் சிறிய, எளிய படகைத் தேர்பவரே பல கோடைகாலம் அதனை அனுபவிப்பர். 17 அல்லது 18 அடிப் படகுக்கு நான்கு உருளை இயந்திரம் போதியது. பெரிய இயந்திரத்தின் பெருமிதம் ஒரு நாளைக்கு. அதன் செலவு எந்நாளைக்கும். படகிலே ஏறுவோர் தம் மனைவி மக்கள் என்பதை நினைந்து வாங்குபவர், வண்ணத்தைப் பாரார். பின்சுவரைத் தட்டிப் பார்ப்பர்.