நெற்றிப்பட்டத்தை விற்று ரயில் பாதை அமைத்த மன்னர்: திருப்பூணித்துறை அரச குடும்பம் கடந்து வந்த பாதை

திருப்பூணித்துறை: ஆண்டுதோறும் ஆவணி மாத அத்த நட்சத்திர நாளில் கேரள மாநிலம் திருப்பூணித்துறையின் வீதிகளில் அத்தச்சமயம் ஊர்வலம் நடைபெறுகிறது. ஓணப் பண்டிகையின் தொடக்கத்தை அறிவிக்கும் இந்த விழா, ஒரு காலத்தில் கொச்சி மன்னர் பரிவாரங்களுடன் பவனி வரும் அரச விழாவாக இருந்தது. இன்று அதை நடத்தும் பொறுப்பு நகராட்சியிடம் உள்ளது. அரண்மனையின் உரிமை மக்கள் மன்றத்தின் கைக்கு வந்த இந்த மாற்றத்தின் பின்னணியில் சுமார் அரை நூற்றாண்டு கால வரலாறு இருக்கிறது.

பரம்பரைப் பட்டமும் மருமக்கள் தாயமும்

இங்கிலாந்தில் 1611-ஆம் ஆண்டு முதலாம் ஜேம்ஸ் மன்னர் 'பாரோனெட்' என்ற பரம்பரைப் பட்டத்தை ஏற்படுத்தினார். 'சர்' என்ற அடைமொழியுடன் வரும் இப்பட்டம் பொதுவாகத் தந்தைக்குப் பின் மூத்த மகனைச் சேரும். ஆனால், பிரபுக்கள் சபையில் இடம் பெற்றுத் தராது. எனவே அரசியலில் ஈடுபட விரும்பிய பாரோனெட்டுகள் மக்கள் சபைத் தேர்தலிலும் உள்ளாட்சித் தேர்தலிலும் போட்டியிட்டே பதவிக்கு வந்தனர்.

கொச்சி அரச வம்சமான பெரும்படப்பு சொரூபத்தில் முறை வேறு. மருமக்கள் தாயப்படி, தாய்வழிக் குடும்பக் கிளைகள் அனைத்திலும் வயதில் மூத்த ஆணே 'வலிய தம்புரான்' ஆவார். மன்னரின் மனைவி 'நேத்தியாரம்மா' என்று அழைக்கப்பட்டார். அவருடைய பிள்ளைகள் தாயின் குடும்பத்தைச் சேர்ந்தவர்களே. அவர்களுக்கு அரியணையில் உரிமை இல்லை.

மூப்பு அடிப்படையில் பட்டம் சென்றதால் பலர் முதுமையிலேயே ஆட்சிக்கு வந்தனர். ராமவர்மா, கேரளவர்மா என்ற பெயர்களே திரும்பத் திரும்ப வந்ததால், மறைந்த இடத்தையோ செய்த செயலையோ கொண்டு மன்னர்களை மக்கள் அடையாளம் கண்டனர். சென்னையில் காலமானவர் 'மதராசில் தீப்பெட்ட தம்புரான்' ஆனது இப்படித்தான்.

நகர மன்றங்களைத் தொடங்கிய மன்னர்

இந்த வரிசையில் தனித்து நிற்பவர், 'ராஜரிஷி' என்று போற்றப்படும் சர் ராமவர்மா. 1852-இல் பிறந்த இவர் 1895-இல் பொறுப்பேற்றார். சமஸ்கிருதப் புலமை மிக்கவர். ஆட்சிக்கு வந்த மறு ஆண்டே, 1896-இல், மட்டாஞ்சேரியிலும் எர்ணாகுளத்திலும் நகர மன்றங்களை அமைத்தார். ஆங்கிலேயர் வசம் இருந்த ஃபோர்ட் கொச்சியில் 1866 முதலே நகராட்சி இயங்கி வந்தது. இருப்பினும், சமஸ்தானப் பகுதியில் உள்ளாட்சிக்கு அடித்தளம் இட்டது ராஜரிஷியின் நடவடிக்கையே. கிராமப் பஞ்சாயத்துகளுக்கான சட்டமும் அவரது ஆட்சிக் காலத்தில் வந்தது.

ஷொரணூரிலிருந்து எர்ணாகுளம் வரை ரயில் பாதை அமைக்க வேண்டும் என்பது அவரது பெரும் கனவு. செலவைச் சமஸ்தானமே ஏற்க வேண்டியிருந்தது. கருவூலத்தில் போதிய பணம் இல்லை. திருப்பூணித்துறை பூர்ணத்திரயீசர் கோயில் யானைகளின் 15 தங்க நெற்றிப்பட்டங்களில் 14-ஐ விற்று அவர் நிதி திரட்டினார் என்பது அப்பகுதியில் இன்றும் பேசப்படும் செய்தி. கோயில் சொத்தையும் குடும்பப் பெருமையையும் பொதுப் பணிக்குச் செலவிடுவது எளிதான முடிவாக இருந்திருக்க முடியாது. 1902-இல் அப்பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது.

1914 டிசம்பரில் அவர் தாமாகவே அரியணையைத் துறந்தார். உடல்நிலை காரணமாகக் கூறப்பட்டாலும், ஆங்கிலேய அரசுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாடுகளும் காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். பின்னர் திருச்சூரில் வாழ்ந்த அவர் 1932-இல் காலமானார்.

அரண்மனையிலிருந்து மக்கள் மன்றத்திற்கு

அவருக்குப் பின் வந்த மன்னர்கள் காலத்தில் அதிகாரப் பகிர்வு தொடர்ந்தது. 1925-இல் கொச்சி சட்டமன்றம் தொடங்கப்பட்டது. 1935 முதல் 1941 வரை திவானாக இருந்தவர், கோவை நகராட்சி உறுப்பினராக அரசியல் வாழ்வைத் தொடங்கிய சர் ஆர். கே. சண்முகம் செட்டியார். அவரது பதவிக் காலத்தில், 1938-இல், சில துறைகள் மக்கள் பிரதிநிதியான அமைச்சரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவரே பின்னர் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரானார்.

1947 ஏப்ரலில் திருச்சூரில் நடந்த ஐக்கிய கேரள மாநாட்டில் அப்போதைய மன்னர் கேரளவர்மா பங்கேற்று ஆதரவு தெரிவித்தார். அதனால் 'ஐக்கிய கேரளம் தம்புரான்' என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. அடுத்து வந்த பரீட்சித்து தம்புரான் காலத்தில், 1949 ஜூலை 1 அன்று, கொச்சி திருவிதாங்கூருடன் இணைந்தது. புதிய மாநிலத்தின் ராஜபிரமுகர் பதவி திருவிதாங்கூர் மன்னருக்குச் சென்றது. கொச்சியின் அரியணை வரலாறாகியது. 1971-இல் அரசியல் சாசனத்தின் 26-ஆவது திருத்தம் நாடு முழுவதும் மன்னர் மானியத்தை ஒழித்தது.

இன்றைய நிலை

1949-உடன் நின்றுபோன அத்தச்சமயம் 1961-இல் மக்கள் விழாவாக மீண்டும் தொடங்கியது. 1865-இல் கட்டப்பட்ட மலை அரண்மனை, 1986 முதல் அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளது. மன்னர்கள் முடிசூடிய மட்டாஞ்சேரி அரண்மனையும் இன்று அருங்காட்சியகமே.

ராஜரிஷி தொடங்கிய இரண்டு நகர மன்றங்களின் வழிவந்த எர்ணாகுளம், மட்டாஞ்சேரி நகராட்சிகள், 1967 நவம்பர் 1 அன்று ஃபோர்ட் கொச்சி நகராட்சியுடனும் சுற்றுப் பகுதிகளுடனும் இணைக்கப்பட்டுக் கொச்சி மாநகராட்சி உருவானது. அரச குடும்பத்தின் மூத்தவர் வலிய தம்புரான் என்று மரியாதையுடன் அழைக்கப்பட்டாலும், ஊரின் சாலை, குடிநீர், விழா ஆகியவை குறித்து முடிவெடுப்போர் வாக்குச் சீட்டின் வழியே வந்தவர்களே.