ஊர் எல்லையில் நின்ற ஒயர்

1990-களில் எங்கள் ஊர்த்தெருவில் வீட்டுக்கு வீடு கேபிள் டிவி இருந்தது. சாலைக்கு இந்தப் பக்கம் காலனியில் ஓர் இணைப்புகூட இல்லை. கேட்டால், 'அங்க யாரு மாசாமாசம் பணம் கட்டுவா?' என்றார் கேபிள்காரர். எங்களில் ஒருவரிடமும் கேட்காமல் அவரே சொல்லிக்கொண்ட பதில் அது. ஊர்த்தெரு வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் படம் பார்த்தோம்.

2006-ல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. பெட்டி எங்கள் வீட்டுக்கும் வந்தது. ஒயர்தான் வரவில்லை.

தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007 அக்டோபரில் பதிவு செய்யப்பட்டது. தஞ்சாவூர், திருநெல்வேலி, கோவை, வேலூரில் ஒளிபரப்பு நிலையங்கள் அமைத்தார்கள். ஆனால் விரைவிலேயே முடங்கியது. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா ஆட்சியில் மீண்டும் உயிர்பெற்றது. மாதக் கட்டணம் 70 ரூபாய் என்று அரசே அறிவித்தது. அப்போது அதில் 20 ரூபாய் நிறுவனத்துக்கு. மீதி 50 ரூபாய் உள்ளூர் ஆபரேட்டருக்கு.

விலை குறைந்ததைவிட எங்களுக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. தனியார் கேபிள் என்றால் யாரிடம் போய் முறையிடுவது? அரசு நிறுவனம் என்றானதும் கேட்க ஓர் இடம் கிடைத்தது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். மூன்றாவது மனுவுக்குப் பிறகு ஒயர் சாலையைத் தாண்டியது.

ஆனாலும் அந்தத் தொழில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. உள்ளூர் சேனலில் ஊர்க் கோயில் திருவிழாவும் காதணி விழாவும் ஓடும்; காலனியின் அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலம் ஓடாது. 1995-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்து ஆபரேட்டர் ஆகலாம். சட்டம் சாதி கேட்கவில்லை. ஆனால் ஊர்த்தெரு மாடிகள் வழியாக எங்கள் பிள்ளை ஒயர் இழுக்க யார் விடுவார்கள்? எங்கள் வட்டாரத்தில் நாங்கள் அறிய ஒரு தலித் ஆபரேட்டரும் இல்லை.

பெட்ரோல் பங்க் ஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடம் உண்டு. அரசே நடத்தும் கேபிள் நிறுவனத்தின் ஆபரேட்டர்களிலும் அப்படி ஓர் ஒதுக்கீடு வேண்டும். அதற்குத் தாட்கோ கடனும் வேண்டும்.

படித்த பிள்ளைகள் ஒரு வேலை செய்யலாம். உங்கள் மாவட்டத்தில் அரசு கேபிள் ஆபரேட்டர்கள் எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஒயரை மனு எழுதித்தான் கொண்டுவந்தோம். தொழிலையும் அப்படித்தான் கேட்க வேண்டும்.