எழுதிக் கொடுக்கும் முன்

மத்தியப் பிரதேசத்தில் சத்தர்பூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு தாய் 2019-ஆம் ஆண்டு தன் சொத்தை மகனுக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். 'கடைசி வரை காப்பாற்றுவேன்' என்று மகனும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பிறகு மகன் தன்னைக் கவனிக்கவில்லை என்று தாய் முறையிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. தானப் பத்திரம் ரத்து ஆனது. சொத்து தாய்க்கே திரும்பியது.

எந்தச் சட்டம் இதற்குத் துணை நின்றது?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். இது 2007-இல் வந்தது. 60 வயது ஆனவர் மூத்த குடிமகன் என்று இந்தச் சட்டம் சொல்கிறது. சொந்த வருமானத்தில் வாழ முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் மாதந்தோறும் பணம் கேட்கலாம். பெற்றோருக்கு 60 வயது ஆகியிருக்க வேண்டியது இல்லை. மகனைப் போலவே மகளுக்கும் பொறுப்பு உண்டு. பிள்ளை இல்லாதவரை யார் பார்ப்பது? அவருடைய சொத்தை அடையப் போகும் உறவினர் பார்க்க வேண்டும்.

இதற்கென்று தீர்ப்பாயம் உண்டு. கோட்ட அளவிலான வருவாய் அதிகாரி அதை நடத்துவார். அங்கே மனுக் கொடுக்க வேண்டும். நடக்க முடியாதவர் வேறு ஒருவர் மூலம் கொடுக்கலாம். முதலில் சமரசம் பேசிப் பார்ப்பார்கள். பெரும்பாலானவர்கள் விரும்புவதும் அதைத்தானே! பிள்ளை சிறைக்குப் போக வேண்டும் என்று எந்தத் தாய் நினைப்பாள்? ஆனால் உத்தரவு வந்த பிறகும் பணம் தராவிட்டால் சிறைத் தண்டனை உண்டு.

சொத்து விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். 2022-இல் இன்னொரு தாயின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அவர் மகள்களுக்குச் சொத்தை விட்டுக் கொடுத்திருந்தார். 'என்னைக் காப்பாற்ற வேண்டும்' என்ற நிபந்தனையுடன் கொடுத்ததாக அவர் காட்டவில்லை. ஆகவே சொத்து அவருக்குத் திரும்பவில்லை.

வாய்ப் பேச்சை எப்படிக் காட்டுவது? சோறு, துணி, மருந்து, தங்க இடம் தந்து காப்பாற்ற வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும். எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். எழுதச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். நல்ல பிள்ளை இதற்குக் கோபப்பட மாட்டான்.

முதியோர் உதவிக்கு அரசின் தொலைபேசி எண் ஒன்று இருக்கிறது. அது 14567. அதற்குக் கட்டணம் இல்லை. எங்கே, எப்படி மனுக் கொடுப்பது என்று அதில் கேட்கலாம்.