நாலு வயசுக்கும் பதினைந்து வயசுக்கும் ஒரே ஆறுதலா?

உங்கள் வீட்டில் நாலு வயதுக் குழந்தை இருக்கிறதா? இன்று சாயந்திரம் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். இரண்டு டவராவில் ஒரே அளவு பால் ஊற்றிக் குழந்தை முன்னால் வையுங்கள். "ரெண்டுலயும் ஒரே அளவா இருக்கா?" என்று கேளுங்கள். "ஆமாம்" என்று சொன்னதும், அதன் கண்ணெதிரிலேயே ஒரு டவராவில் இருக்கிற பாலை மட்டும் ஒல்லியான, உயரமான டம்ளருக்கு மாற்றுங்கள். "இப்ப எதுல ஜாஸ்தி?"

"டம்ளர்லதான்!" என்று பெரும்பாலும் சட்டென்று பதில் வரும். பக்கத்தில் நிற்கும் எட்டு வயது அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பான். "ஐயே, அதே பால்தானேடி!"

கும்பகோணம் டிகிரி காப்பி குடித்து வளர்ந்த நமக்கு டவரா, டம்ளருக்குப் பஞ்சமில்லை. இதே சோதனையைக் கண்ணாடி டம்ளர்களை வைத்துச் செய்து பார்த்தவர் சுவிட்சர்லாந்தின் ஜான் பியாஜே (1896-1980). தன்னுடைய மூன்று குழந்தைகளையே தொட்டிலில் இருந்து உட்கார்ந்து கவனித்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் அவர். அவர் கண்டுபிடித்தது இதுதான்: குழந்தை என்பது 'குறைவாக யோசிக்கிற பெரியவர்' அல்ல. அது வேறு மாதிரி யோசிக்கிறது. நாலு வயதின் கணக்கு வேறு, எட்டு வயதின் கணக்கு வேறு.

"நான் கவுன்சலிங் படிக்கலாமான்னு யோசிச்சுட்டிருக்கேன். நீங்க பாலை மாத்தி ஊத்தச் சொல்றீங்களே?" என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 'கவுன்சலிங்' என்றால் ரொம்ப காலமாக இன்ஜினீயரிங் சீட்டு கிடைக்கிற இடம் என்றுதான் அர்த்தம்! அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்பதைக் காவிரி டெல்டா மிகக் கொடுமையான முறையில் தெரிந்துகொண்டது 2004-ல். அந்த வருடம் ஜூலை 16-ந் தேதி கும்பகோணம் காசிராமன் தெரு பள்ளிக்கூடத்தில் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் கருகிப் போனார்கள். சரியாக ஐந்து மாதம் பத்து நாள் கழித்து, டிசம்பர் 26-ல் சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் ஆறாயிரத்துக்கும் மேல். பெங்களூரின் நிம்ஹான்ஸ், சென்னையின் ஸ்கார்ஃப் போன்ற மனநல நிறுவனங்கள் கரையோரத்துக்கு வந்தன. எத்தனை டாக்டர்களைக் கொண்டுவந்தாலும் போதாது என்பதால், உள்ளூர் ஆட்களுக்கே மனதைத் தேற்றும் பயிற்சி கொடுத்தார்கள்.

அப்படித் தேற்றப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எதிரே இருப்பவருக்கு என்ன வயது, அந்த வயதுக்குத் துக்கம் எப்படிப் புரியும் என்பதைத்தான். பேரழிவு வரை போக வேண்டாம். ஒரே ஒரு வீட்டைப் பார்ப்போம்.

ஒரு வீடு, ஒரு சாவு, ஐந்து துக்கம்

இது கற்பனை வீடுதான். ஆனால் ஒரத்தநாட்டிலோ திருத்துறைப்பூண்டியிலோ பஸ்ஸை விட்டு இறங்கி நாலு தெரு நடந்தால் இப்படி ஒரு வீடு கண்ணில் படும். குடும்பத் தலைவருக்கு நாற்பத்து நாலு வயது. ராத்திரி வயலுக்குத் தண்ணீர் கட்டப் போன இடத்தில் பாம்பு கடித்து இறந்துவிட்டார். வீட்டில் மனைவி, நாலு வயதுப் பெண், ஒன்பது வயதுப் பையன், பதினைந்து வயது மூத்தவன், எழுபத்திரண்டு வயதுத் தாத்தா. பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். இனிமேல்தான் இந்த வீட்டில் துக்கம் ஆரம்பம். நீங்கள் கவுன்சலராக உள்ளே நுழைகிறீர்கள்.

நாலு வயதுப் பெண் விளையாடிக்கொண்டிருக்கிறாள். நடுவில் வந்து, "அப்பா எப்ப வருவாரு?" என்கிறாள். "சாமிகிட்ட போயிருக்காரும்மா" என்று பாட்டிமார்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவள் கணக்கில், போனவர் திரும்பி வர வேண்டும். போன வாரம் திருவாரூர் போன மாமா வரவில்லையா? ஹங்கேரியில் மரியா நாகி என்ற ஆராய்ச்சியாளர் குழந்தைகளிடம் சாவைப் பற்றிக் கேட்டு 1948-ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பலருக்குச் சாவு என்பது ஒரு தூக்கம், அல்லது ஒரு பயணம். அதனால் "அப்பா தூங்குறார்" என்று சொல்லிவிட்டால் அந்தக் குழந்தை ராத்திரி தூங்கவே பயப்படும். அம்மா கண்ணை மூடினால் உலுக்கி எழுப்பும். படுக்கையை நனைக்கிற பழக்கம் நின்றுபோன பிள்ளை மறுபடி நனைக்க ஆரம்பிக்கும். "நாலு வயசாச்சு, இன்னுமா?" என்று முதுகில் ஒன்று வைப்பார்கள். பாவம்!

அவளுக்கு என்ன சொல்வது? நேராக, சின்ன வாக்கியத்தில்: "அப்பா செத்துப் போயிட்டாரும்மா. அவரோட உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. இனிமே அவரால வர முடியாது. நீ பண்ணின எதனாலயும் அது நடக்கலை. நாங்க உன்கூட இருக்கோம்." அவள் நாளைக்கும் இதையே கேட்பாள். நாளைக்கும் இதையே சொல்ல வேண்டும். அலுத்துக்கொள்ளக் கூடாது.

ஒன்பது வயதுக்காரனுக்கு அப்பா வரமாட்டார் என்பது நன்றாகவே தெரியும். அதற்கு அடுத்த கேள்விதான் அவனைப் பிடித்து ஆட்டுகிறது: 'அப்பா போனா மாதிரி அம்மாவும் போயிட்டா?' ஆனால் வாயைத் திறந்து கேட்கமாட்டான். அதற்குப் பதிலாக, தினமும் காலை எட்டரை மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொள்வான். மருந்து, மாத்திரை, ஸ்கேன்... எல்லாம் நார்மல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வயிறு வலிக்காது! "நடிக்கிறான் சார்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். வலி நிஜம், காரணம்தான் வேறு இடத்தில். பிரிவைப் பற்றிய பயத்தை இங்கிலாந்தின் ஜான் பௌல்பி ஆயுள் முழுக்க ஆராய்ந்தார். 1951-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர் எழுதிய அறிக்கைதான் ஆஸ்பத்திரிகளும் அநாதை விடுதிகளும் குழந்தையிடமிருந்து தாயைப் பிரிப்பது பற்றி உலகத்தை யோசிக்க வைத்தது. ஒன்று மட்டும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற தாயின் பிள்ளை ஆயா இடுப்பிலும் அத்தை இடுப்பிலும் வளர்கிறது. அதற்குப் பற்றுக்கோல் ஒன்று அல்ல, நாலைந்து. இங்கே அது பெரிய சொத்து. ஸ்கூலுக்கு அவனை யார் கொண்டுபோய் விடலாம், மத்தியானம் யார் எட்டிப் பார்க்கலாம் என்று கேட்டால் நாலு பேர் கிடைப்பார்கள்.

இப்போது மூத்தவனுக்கு வருவோம். நீங்கள் ஏமாந்து போகக்கூடிய ஆள் இவன்தான்.

அவன் அழவில்லை. கொள்ளி வைத்தவன் அவன். சுடுகாட்டிலிருந்து வரும்போதே யாரோ தோளைத் தட்டி, "இனிமே நீதாம்பா இந்த வீட்டுக்கு ஆம்பளை" என்று சொல்லிவிட்டார்கள். மறுவாரமே அப்பாவின் டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு யூரியா மூட்டை வாங்கப் போய்விட்டான். "என்ன பொறுப்பு பாருங்க!" என்று ஊரே மெச்சுகிறது. நீங்களும், 'இந்தப் பையனுக்கு ஒன்றும் இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவீர்கள்.

எரிக் எரிக்சன் (1902-1994) இதை வேறு மாதிரி பார்த்திருப்பார். தன் அப்பா யார் என்றே கடைசிவரை தெரியாமல் ஜெர்மனியில் வளர்ந்தவர். தன் குடும்பப் பெயரைத் தானே உண்டாக்கிக்கொண்டவர். 'நான் யார்?' என்ற கேள்வி அவருக்குப் புத்தகத்தில் படித்த கேள்வி அல்ல. பிறப்பிலிருந்து முதுமை வரை எட்டுக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு போராட்டம் என்று 1950-ல் எழுதினார். பதின்வயதின் போராட்டம் 'நான் யார், என்னவாகப் போகிறேன்' என்பதுதான். நாலு வேஷம் போட்டுப் பார்த்து, மூன்றைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற வயது அது. அதற்கு அவகாசம் வேண்டும். நம் பையனுக்கு அந்த அவகாசம் ஒரே ராத்திரியில் பறிபோய்விட்டது. அப்பாவின் வேஷத்தை அப்படியே மாட்டிவிட்டார்கள். தேடாமலேயே முடிவாகிவிடுகிற அடையாளம் என்று இந்த நிலையை 1966-ல் பிரித்துக் காட்டினார் ஜேம்ஸ் மார்சியா. நாலைந்து வருடம் கழித்து இது கோபமாகவோ, குடியாகவோ, 'எனக்குன்னு என்ன இருக்கு?' என்ற வெறுமையாகவோ வெளியே வரலாம்.

அதற்காக, "பொறுப்பெல்லாம் விட்டுடு தம்பி" என்று சொல்லிவிட முடியுமா? வயலில் சம்பா நிற்கிறது, கூட்டுறவுக் கடன் நிற்கிறது. இங்கேதான் மேல்நாட்டுப் புத்தகத்தை அப்படியே ஒப்பிக்கிற கவுன்சலர் தோற்றுப் போகிறார். பையன் வயலைப் பார்க்கட்டும், ஆனால் பத்தாவது பரீட்சையும் எழுதட்டும். சாயந்திரம் கபடிக்கும் போகட்டும். கடன் விஷயத்தைப் பேச சித்தப்பாவோ தாய்மாமனோ வரட்டும். இதைப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்வதும் உங்கள் வேலைதான். அவனிடம், "அழறது தப்பில்லப்பா" என்று ஒரே ஒருமுறை சொல்லிவிட்டுச் சும்மா கூட உட்கார்ந்திருங்கள்.

அம்மா? "புள்ளைங்க முன்னாடி அழாதே" என்று எல்லோரும் சொல்லிவிட்டதால் அவள் கொல்லைப்புறத்தில் அழுகிறாள். பிள்ளைகள் முன்னால் கொஞ்சம் அழலாம். அம்மா அழுவதைப் பார்த்தால்தான், இந்த வீட்டில் அப்பாவைப் பற்றிப் பேசலாம் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

நாற்பதோடு முடிந்த கணக்கு

இந்த வயதுக் கணக்கெல்லாம் நமக்குப் புதிதா என்ன? தருமபுரம் ஆதீனத்தின் சீடரான குமரகுருபரர், வைத்தீஸ்வரன்கோயில் முருகன்மேல் முத்துக்குமாரசாமி பிள்ளைத்தமிழ் பாடினார். பிள்ளைத்தமிழ் என்றாலே பத்துப் பருவம். ஐந்தாம் மாதத்தில் கையை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதத்தில் கை கொட்டுவது சப்பாணி. இன்றைய குழந்தை டாக்டரைக் கேளுங்கள், ஒன்பதாம் மாதத்தை ஒட்டித்தான் கை தட்டும் என்பார்! யாரோ ஒருவர் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாகக் கவனித்திருக்கிறார்.

ஆனால் பிள்ளைத்தமிழ் சிறுதேர் உருட்டுவதோடு நின்றுவிடுகிறது. பெண்ணுக்குப் பாட்டியல் நூல்கள் சொன்ன ஏழு பருவமும் பேதையில் ஆரம்பித்துப் பேரிளம்பெண்ணில், நாற்பது வயதோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் பெண்ணுக்கு வயதே கிடையாதா? சாகிற வரை மனிதர் வளர்கிறார் என்று அழுத்திச் சொன்னதுதான் எரிக்சனின் பெருமை. ஏழாம் கட்டம் நடுவயது. அடுத்த தலைமுறைக்கு எதையாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்ற தவிப்பு. எட்டாவது முதுமை. 'வாழ்ந்தது போதும், நிறைவுதான்' என்பதா, 'எல்லாம் வீணாப் போச்சே' என்பதா?

திண்ணையில் சாய்ந்திருக்கிற தாத்தாவைப் பாருங்கள். நாலு நாளாகச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. "போக வேண்டியவன் நான் இருக்கேன், இருக்க வேண்டியவன் போயிட்டான்" என்கிறார். ஜூன் 12-ந் தேதி மேட்டூர் திறக்குமா என்று வருடா வருடம் காத்திருந்து, நாற்று விட்டு, நிலத்தைக் காப்பாற்றிப் பிள்ளை கையில் கொடுத்தவர். மற்றவர்கள் பிள்ளைகளெல்லாம் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனபோது நிலத்தோடு தங்கிய பிள்ளை. அவருக்குச் செத்தது மகன் மட்டுமல்ல, கட்டிக் காத்த வாழ்க்கையின் அர்த்தமும்தான். "கடவுள் செயல் தாத்தா" என்று சொல்லிவிட்டு எழுந்து வராதீர்கள். இந்த நிலத்தை அவர் எப்படி வாங்கினார் என்று கேளுங்கள். பேசட்டும். பேரனை வரப்பில் கூட்டிப்போய்ச் சொல்லித் தர அவரை விட்டால் ஆள் ஏது? ஆனால் சாப்பாடு, தூக்கம் இரண்டும் போய், "எதுக்கு இருக்கணும்?" என்ற பேச்சு வந்தால், அது வெறும் வருத்தம் என்று விட்டுவிடக் கூடாது. தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும். எங்கே தன் வேலை முடிகிறது, எங்கே டாக்டர் வேலை ஆரம்பிக்கிறது என்று தெரிந்தவரே கவுன்சலர்.

எரிக்சனிடம் கல்லூரிப் பட்டம் கிடையாது, ஆனாலும் ஹார்வர்டில் பேராசிரியர் ஆனார். இதைக் கேட்டுவிட்டு "அப்ப எனக்கும் வேணாம்" என்று கிளம்பிவிடாதீர்கள்! வியன்னாவில் அன்னா ஃப்ராய்டிடம் வருடக்கணக்கில் பயிற்சி பெற்றவர் அவர். வார இறுதி வகுப்பு நாலு முடித்து, சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டிக்கொண்டு போர்டு வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுநிலைப் படிப்பு, அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வையில் பயிற்சி, இரண்டும் வேண்டும். 'கிளினிகல் சைக்காலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு கட்டாயம். கவுன்சலர்களில் பல பிரிவினரும் 2021-ன் துணை மருத்துவத் தொழில் ஆணையச் சட்டப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள்.

சட்டம் இரண்டு மனப்பாடமாகவே இருக்கட்டும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், 2012-ன் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். 'ரகசியம் காக்கிறேன்' என்ற வாக்கு அங்கே செல்லாது, அதை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம். "கேஸாயிடும்" என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடுகிற குடும்பத்துக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மற்றபடி ரகசியம் ரகசியம்தான். சிட்டியில் இது சுலபம். இங்கே? நீங்கள் அந்த வீட்டிலிருந்து வெளியே வந்து டீக்கடையில் நிற்பதற்குள், "என்னங்க, பெரிய பையன் ஏதாச்சும் சொன்னானா?" என்று கேட்டுவிடுவார்கள். கேட்பவர் உங்கள் சொந்த மாமாவாகக்கூட இருப்பார். "பேசிட்டிருந்தோம் மாமா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. அந்தப் பையன் டீக்கடை வாசலில் நின்று, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டுதான் இருப்பான்.

(உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ இப்படி யாராவது தவிக்கிறார்களா? 'டெலி மானஸ்' 14416-க்குக் கட்டணமில்லாமல், ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே. குழந்தைகளுக்கு 1098.)